நேம்சர்வர் மாற்றிய பிறகு தளம் சில போன்களில் திறக்கவில்லை

விளக்குத்தூண் கடை:
அண்ணே, கீழமாசி வீதியில் இருக்கும் எங்கள் சுங்குடிச் சேலைக் கடைக்கு ஒரு டாட் காம் தளம் உண்டு. ஹோஸ்டிங்கை வேறு நிறுவனத்துக்கு மாற்றி, டொமைன் வாங்கிய இடத்தில் நேம்சர்வர் (தளத்தின் ஐபி முகவரியைச் சொல்லும் சர்வர்) பெயர்களையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். கடை வைஃபையில் திறக்கிறது, வாடிக்கையாளர்கள் போனில் திறக்கவே இல்லை. சித்திரைத் திருவிழா வியாபாரம் நெருங்குகிறது, எதைப் பார்க்க வேண்டும்?

தல்லாகுளம்:
48 மணி நேரம் பொறுங்கள் தம்பி. டாட் காமில் நேம்சர்வர் பதிவின் ஆயுள், அதாவது மற்ற சர்வர்கள் பழைய பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம், 1,72,800 வினாடி.

திருமங்கலத்துக்காரர்:
பொறுப்பது சரி, ஆனால் பழைய ஹோஸ்டிங் ஓடிக்கொண்டிருந்தால் பழைய தளமாவது திறக்க வேண்டுமே. டொமைன் பெயருக்கு ஐபி தேடித் தரும் டிஎன்எஸ்ஸைச் சோதிக்கும் டிக் (dig) கட்டளையில், கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-இடம் உங்கள் டொமைனைக் கேளுங்கள். சர்வ்ஃபெயில் (SERVFAIL, பதில் தர முடியவில்லை) என்று வந்தால் ப்ளஸ் சிடி (+cd, சரிபார்க்காமல் பதில் கொடு) சேர்த்து மறுபடி கேளுங்கள், அப்போது மட்டும் ஐபி வந்தால் கோளாறு டிஎன்எஸ்செக்கில்தான் (DNSSEC, டிஎன்எஸ் பதிலைக் கையெழுத்து வைத்துச் சரிபார்க்கும் முறை). பழைய நிறுவனம் கொடுத்த டிஎஸ் (DS, அவர்கள் கையெழுத்துச் சாவியின் அடையாளம்) பதிவு டொமைன் வாங்கிய இடத்தில் அப்படியே கிடக்கும், புதிய நேம்சர்வரின் சாவியோடு அது பொருந்தாது, அதனால் கையெழுத்தைச் சரிபார்க்கிற சர்வர்கள் பதிலைத் தள்ளிவிடும், சரிபார்க்காதவை தளத்தைக் காட்டிவிடும். டிஎஸ்ஸை முதலில் எடுத்துவிட்டுத்தான் நேம்சர்வரில் கை வைக்க வேண்டும், இதை யாருமே சொல்லித் தருவதில்லை.

விளக்குத்தூண் கடை:
ப்ளஸ் சிடி போட்டதும் ஐபி வந்துவிட்டது அண்ணே! டிஎஸ்ஸை நீக்கிவிட்டேன்.

திருமங்கலத்துக்காரர்:
நல்லது. அதன் ஆயுள் 86,400 வினாடி, ஒரு நாளில் எல்லா இடத்திலும் சரியாகிவிடும். அப்புறம், புதிய இடத்தில் எம்எக்ஸ் (MX, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும்) பதிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இல்லாவிட்டால் தளம் திறந்தாலும் ஆர்டர் மெயில் வராது.