கம்ப்ரசருக்கு என்ன சொல்? வெள்ளிக்கிழமை பாடம் அச்சுக்குப் போகிறது

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கார் பழுதுபார்க்கக் கற்கும் மாணவர்களுக்கு ஒரு பாடநூலைத் தமிழில் தந்துகொண்டிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது ஆறு பக்கம். பழைய காரில் ஏசி கம்ப்ரசர், அதாவது ஏசியின் ஆவியை அமுக்கித் தள்ளும் பாகம், சத்தம் போட்டால் எதை முதலில் பார்ப்பது என்பதுதான் பாடம்.

முதல் வரைவில் கம்ப்ரசருக்கு "அமுக்கி" என்று போட்டேன். "அமுக்கி சத்தம் போடுகிறதா என்று பார்க்கவும்" என்ற வரியில் சரிபார்ப்பவர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஓரத்தில் "எதை அமுக்கி?" என்று எழுதி அனுப்பிவிட்டார். திரும்பப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. எஞ்சின் ஓடும்போது, பெல்ட் சுற்றும் இடத்துக்குள் ஒரு மாணவன் கையை விட்டு எதையாவது அமுக்கிப் பார்த்தால் என்ன ஆகும்? இந்தச் சொல்லை அப்படியே விட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. மூலத்தில் சத்தங்களுக்கு ஆறு தனிச்சொற்கள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் நான் "இரைச்சல்" என்றே போட்டிருக்கிறேன். அதுவும் தவறு என்று மனம் சொல்கிறது. வியாழன் இரவுக்குள் உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் சரிபார்ப்பவர் கூர்மையானவர். அமுங்கு தன்வினை, அமுக்கு பிறவினை. ஒடுங்கு ஒடுக்கு, சுருங்கு சுருக்கு போல. பிறவினையோடு இகரம் சேர்த்தால் கருவிப் பெயர் கிடைக்கிறது. ஆனால் இவ்வகை வினைகளுக்கு இறந்தகால வினையெச்சமும் அதே உருவம்தான். அமுக்கி என்றால் அமுக்கும் பொருள், அமுக்கிவிட்டு என்றும் பொருள். "அழுத்தி"க்குப் போனாலும் இதே தொல்லை.

முன்னால் ஒரு பெயர் ஒட்டினால் தொல்லை தீரும். ஒலிபெருக்கி, மின்தேக்கி, குளிரூட்டி எல்லாம் அப்படித்தான் பிழைத்தன. "பெருக்கியை அணைக்கவும்" என்று யாரும் எழுதுவதில்லையே.

அமுங்கு என்பதற்கும் அமிழ் என்பதற்கும் உறவு உண்டு என்பது என் நெடுநாள் எண்ணம். நீருக்குள் அமிழ்வது, மேலிருந்து வரும் பாரத்தால் அமுங்குவது, இரண்டிலும் கீழே போதல் என்ற கருத்து இருக்கிறது. ஆழ், ஆழம், அழுந்து என்பவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியானால் அமுக்கு என்ற சொல் "கீழே தள்ளி வைத்திரு" என்றுதான் பேசுகிறது. கம்ப்ரசர் எதையும் கீழே தள்ளுவதில்லை. உள்ளே இழுத்து, இடத்தைக் குறைத்து, வெளியே தள்ளுகிறது. அதனால் "சுருக்கி"தான் இன்னும் நெருக்கமோ என்று தோன்றுகிறது. இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

இலங்கையில் படித்த பொறியாளர்:

ஐயா, எங்கள் பாடப்புத்தகங்களில் அழுத்தத்துக்கு அமுக்கம் என்றே படித்தோம். அமுக்கம் உண்டாக்குவது அமுக்கி. எனக்கு அதில் இடறல் எதுவும் இல்லை.

ஆனால் "ஒடுக்கி" பக்கம் மட்டும் யாரும் போய்விட வேண்டாம். ஆவி திரவமாவதை நாங்கள் ஒடுக்கம் என்போம். காரின் ஏசியில் கம்ப்ரசருக்கு அடுத்ததாக இருப்பதே அந்த வேலையைச் செய்யும் கண்டென்சர்தான். ஒரே குழாயில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பாகங்களுக்கு ஒரே பெயர் வந்தால், மாணவன் தவறான பாகத்தைக் கழற்றுவான்.

தனித்தமிழ் ஆர்வலர்:

முன்னொட்டு என்றால் வாயு வேண்டாம், அது வடசொல். வளி என்றால் காற்று, ஆனால் இதற்குள் ஓடுவது காற்று அல்ல. என் முன்மொழிவு ஆவியமுக்கி.

ஓசைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கம்ப்ரசருக்குள் போகவேண்டியது ஆவி மட்டுமே. திரவமாக ஏதேனும் உள்ளே வந்தால் அதைச் சுருக்க முடியாது, வால்வுத் தகடுகள் உடைந்துபோகும். பெயரே அந்த விதியைச் சொல்லித் தருகிறது. "கம்ப்ரசர்" என்ற சொல் மாணவனுக்கு என்ன சொல்லித் தருகிறது?

இயற்பியல் ஆசிரியை:

பொருளளவில் ஆவியமுக்கி அருமை, மறுக்கமாட்டேன். ஆனால் வகுப்பில் நிற்பவள் நான். ஆவி என்றால் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது கொதிக்கும் நீரின் ஆவி, அப்புறம் இறந்தவரின் ஆவி. அதோடு "அமுக்கி"யும் சேர்ந்தால் தூக்கத்தில் நெஞ்சில் ஏறும் அமுக்குவான் பேய்தான் நினைவுக்கு வரும். அரை மணி நேரம் பாடம் நடக்காது.

பட்டறையில் வேலை செய்பவரை யாரும் கேட்கவில்லையே?

ஏசி மெக்கானிக்:

வணக்கம். இருபது வருசமாக இந்த வேலைதான். கம்ப்ரசரை கம்ப்ரசர் என்றுதான் சொல்கிறோம், நாளைக்கும் அப்படித்தான் சொல்வோம். அந்தச் சொல்லில் யாரும் தவறு செய்து நான் பார்த்ததில்லை. தவறு நடப்பதெல்லாம் சத்தத்தில்தான். அம்மா எல்லாவற்றுக்கும் "இரைச்சல்" என்று போட்டால் அந்த ஆறு பக்கமும் வீண்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் ஓடும் வரை கம்ப்ரசரின் கப்பி சுற்றிக்கொண்டே இருக்கும், ஏசி போட்டாலும் போடாவிட்டாலும். ஏசி பட்டனைப் போட்டால்தான் கம்ப்ரசரின் முன்னால் இருக்கும் கிளட்சின் காந்தம் முன்தட்டை இழுத்துக் கப்பியோடு ஒட்டவைக்கும். அப்போதுதான் உள்ளே இருக்கும் தண்டு சுற்றும். பழைய கார்கள் அனேகமாக எல்லாமே இப்படித்தான்.

ஆகவே முதல் கேள்வி: ஏசியை அணைத்தால் சத்தம் நிற்கிறதா? நிற்காமல் "கரகர" என்றோ ஊளை மாதிரியோ வந்தால், கப்பியின் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, கப்பியைக் கையால் மெல்லச் சுற்றினால் விரலுக்கே தெரியும், மணல் அரைபடுவது போல இருக்கும். வழவழவென்று சுற்றினால் அதே பெல்ட்டில் இருக்கும் வேறு கப்பிகளையும் சுற்றிப் பாருங்கள்.

ஏசி போட்ட நொடியில் "கிறீச்" என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. தளர்ந்திருக்கும், இல்லையென்றால் பளபளப்பேறிக் கெட்டியாகியிருக்கும். ஏசி போட்டிருக்கும் வரை "கடகட" என்றால் தாங்கும் போல்ட்டையும் பிராக்கெட்டையும் முதலில் பாருங்கள். அவை இறுக்கமாக இருந்தும் சத்தம் போகாவிட்டால் உள்ளே தேய்மானம்.

"டக்" என்று ஒருமுறை கேட்டால் பயப்பட வேண்டாம், அது கிளட்ச் ஒட்டுகிற சத்தம். அதே "டக்" சில நொடிகளுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தால் ஏசிக்குள் ஓடும் குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கலாம். அழுத்தம் குறைந்தால் ஒரு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும், அழுத்தம் ஏறினால் மறுபடி ஓடவிடும். அணைத்த பிறகு வரும் "உஸ்" நல்ல சத்தம், உள்ளே அழுத்தம் சமமாகிறது.

கேஸ் குறைந்தால் குளிர்ச்சி மட்டும் போகாது. கம்ப்ரசருக்கு ஆயிலைச் சுமந்துவருவதே அந்த கேஸ்தான். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் உள்ளே வறண்டு தேயும். கடைசியில் உலோகத்தூள் குழாயெல்லாம் பரவும். அப்போது புதுக் கம்ப்ரசரை மட்டும் மாட்டினால் அதுவும் சீக்கிரம் போய்விடும். குழாய்களைக் கழுவி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். ரொம்பப் பழைய காரில் ஆர்-12 என்ற பழைய கேஸ் இருந்து, பிறகு ஆர்-134ஏ என்ற புது கேஸ் ஏற்றியிருந்தால் ஆயிலும் மாற்றினார்களா என்று கேளுங்கள். பழைய மினரல் ஆயில் புது கேஸோடு கலக்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்றுமுறை படித்தேன். நாங்கள் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் குழம்புகிற ஓர் இலக்கணத்தை நீங்கள் காதாலேயே பிரித்துவைத்திருக்கிறீர்கள்.

"இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்கிறது தொல்காப்பியம். கடகட, கரகர என்பவற்றைப் பிரித்தால் பொருள் இல்லை. "கட" என்று ஒரு சத்தம் கிடையாது. அடுக்குத்தொடர் வேறு. "டக்" தனியாக நிற்கும், தனியாகவே பொருள் தரும். அதை அடுக்கினால் "டக் டக் டக்". நான்குமுறை வரை அடுக்கலாம் என்பது நன்னூல்.

இயந்திரத்திலும் அப்படியே இருக்கிறதே! கடகட என்பது விடாமல் வரும் ஒரே நிகழ்வு, அதைத் துண்டாக்க முடியாது. டக் டக் டக் என்பது தனித்தனி நிகழ்வுகள், ஒவ்வொரு முறையும் கிளட்ச் ஒட்டி, பிறகு விலகுகிறது. ஆகவே பாடத்தில் இரட்டைக்கிளவியைச் சேர்த்து எழுதுங்கள், அடுக்கை இடம் விட்டு எழுதுங்கள். எழுதும் முறையே நோயைச் சொல்லிவிடும். இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

தனித்தமிழ் ஆர்வலர்:

டகரம் மொழிக்கு முதலில் வராது ஐயா. உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. "தக்" என்று எழுதலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

விதி தெரியும். ஆனால் இது பெயர்ச்சொல் அல்ல, காதில் விழுகிற ஒலிக்குறிப்பு. எழுத்தை மாற்றினால் மாணவன் பானெட்டைத் திறந்து வேறொரு ஒலியைத் தேடிக்கொண்டிருப்பான்.

இயற்பியல் ஆசிரியை:

இது என் சொந்த அனுபவம். என் காருக்கு அப்போது பதினான்கு வயது. "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். கம்ப்ரசரையே மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொருவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏசி போடாதபோதும் வருதா?" ஆமாம் என்றேன். பேரிங்கை மட்டும் மாற்றினார், சத்தம் நின்றது. அன்று என்னிடம் "கரகர" என்ற சொல் இருந்தது, ஆனால் அது ஒரு தகவல் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பட்டறையிலும் நான் "சத்தம்" என்றே சொன்னேன். இந்தப் பாடம் அதைச் சொல்லித் தர வேண்டும். கம்ப்ரசருக்கு எந்தச் சொல் வந்தாலும் எனக்குச் சம்மதம்.

இலங்கையில் படித்த பொறியாளர்:

"வடசொற் கிளவி வடஎழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே." வெளிச்சொல்லை நம் எழுத்துக்குள் வரவழைத்து ஏற்க வழி சொன்ன தொல்காப்பிய நூற்பா இது. வடசொல்லுக்குச் சொன்னது கம்ப்ரசருக்கும் பொருந்தும். ஆனால் ப்ர என்று இந்த இரண்டு மெய்கள் அடுத்தடுத்து நிற்பது தமிழில் இல்லை. "கம்பிரசர்" என்று எழுதினால் நூற்பாவுக்கும் பொருந்தும், வாய்க்கும் எளிது.

ஏசி மெக்கானிக்:

எப்படி எழுதினாலும் படித்துக்கொள்வோம். அந்த "அமுக்கி சத்தம்" வரியை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு பதினொன்று. பக்கங்களை அனுப்பிவிட்டேன். செய்தது இதுதான்:

கம்ப்ரசர் என்றே விட்டேன், ப்ர எழுத்தோடு. பட்டறையில் வழங்குவது அதுதான், இன்னும் விவாதிக்க எனக்கும் நேரம் இல்லை. முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "ஆவியை அமுக்கித் தள்ளும் கம்ப்ரசர்" என்று ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறேன். பேரிங்குக்குத் தாங்கி, புல்லிக்குக் கப்பி. கிளட்சைத் தொடவில்லை.

"இரைச்சல்" ஆறு பக்கத்திலும் ஓர் இடத்தில்கூட இல்லை. சரிபார்ப்பவர் வட்டம் போட்ட வரி இப்போது இப்படி இருக்கிறது: "கையை உள்ளே விடாமல், எட்ட நின்று கேளுங்கள். கம்ப்ரசரிலிருந்து கடகட என்று விடாமல் வருகிறதா, டக் டக் டக் என்று விட்டுவிட்டு வருகிறதா?"

ஆசிரியர் ஐயா, அந்த இடைவெளியை அச்சகத்தில் யாரும் நீக்கிவிடக் கூடாது என்று தனியாகக் குறிப்பு வைத்திருக்கிறேன்.

தனித்தமிழ் ஆர்வலர்:

அம்மாவின் உழைப்புக்கு நன்றி. சத்தங்களுக்கு வைத்த சொற்கள் எல்லாமே நம் சொற்கள், அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் கப்பி, தாங்கி என்று எழுதிய அதே வரியில் கம்ப்ரசர் என்று வாசிக்க மனம் ஒப்பவில்லை. என் கருத்து மாறவில்லை என்பதைப் பதிந்துவைக்கிறேன். அடுத்த பதிப்பு வரும்போது ஆவியமுக்கியை மறுபடி கொண்டுவருவேன்.