லாப்ரடூடிலுக்கு வாரம் ஒருமுறை சீவினா போதுமாம்!

கருப்பட்டி_அம்மா (மெல்பர்ன்):
நேத்து ஒருத்தர் நாய்க்குட்டி வாங்கப்போறேன், என்ன வாங்கலாம்னு கேட்டிருந்தார். அதுக்கு, லாப்ரடோரும் சுருள்முடி பூடிலும் கலந்த லாப்ரடூடிலைப் பத்தி சிட்னி குமரன் எழுதின பதிலை அப்படியே போடுறேன்: "லாப்ரடூடில் வாங்குங்க. முடி கொட்டாது. வாரம் ஒருமுறை சீவினா போதும். மத்ததெல்லாம் குரூமிங் கடைக்காரங்க காசு பிடுங்கச் சொல்றது."

படிச்சதுல இருந்து மனசு கொதிக்குது. இதே மாதிரி ஒரு பேச்சை நம்பித்தான் என் லாப்ரடூடில் கருப்பட்டியை நான் வதைச்சேன். அப்ப அவனுக்குப் பத்து மாசம். குட்டி முடி போய் பெரிய முடி வர்ற பருவம். மேலே தடவினா பஞ்சு மாதிரி இருக்கும். நானும் மேலாகச் சீவிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் காதுக்குப் பின்னாடி விரலை விட்டா, உள்ளே தோலோட ஒட்டின மாதிரி ஒரே கட்டி. அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டை உரசுற இடம், எல்லாம் சடை. சீவவே முடியாதுன்னு சொல்லி குரூமிங் கடையில மெஷின் போட்டு வழிச்சாங்க. விலாப்பக்கத்து முடி பாயைச் சுருட்டி எடுக்கிற மாதிரி ஒரே துண்டா வந்துச்சு. அடியில தோல் செக்கச்செவேல்னு இருந்தது. முன்னங்கால் விரலிடுக்குல புல் விதை ஒண்ணு குத்தி உள்ளே போய் சீழ் வச்சிருந்தது. பிள்ளை பல நாளா அந்தக் காலையே நக்கிக்கிட்டு இருந்தான். எனக்குப் புரியல.

வாரம் ஒருமுறையாம்! எந்த நாய்க்கு?

குமரன்_சிட்னி:
மேடம், உங்க நாய்க்கு நடந்தது வருத்தம்தான். அதுக்காக ஊர்ல இருக்கிற நாய் எல்லாத்துக்கும் தினமும் சீப்பெடுக்கணும்னு சட்டம் போடாதீங்க. என் ராஜாவுக்கு மூணரை வயசு, 31 கிலோ. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பதினஞ்சு நிமிஷம். வாரம் ஒருமுறைதான். இன்னைக்கு வரைக்கும் ஒரு சிக்கு கிடையாது. நான் கண்ணால பார்க்கிறதைச் சொல்றேன்.

கத்தரிக்கோல்_கலா:
ஒன்பது வருஷமா நாய்க்கு முடி வெட்டிச் சீவுற தொழில்ல இருக்கேன், அந்த உரிமையில சொல்றேன். பூடில் முடி கொட்டாதுன்னு சொல்றது தப்பு. கொட்டும். ஆனா கீழே விழாது, சுருளுக்குள்ளயே மாட்டிக்கும். அதை யாராவது சீவி எடுக்கணும். எடுக்கலேன்னா பக்கத்து முடியோட பின்னி சடையாகும். அதனாலதான் தோல்ல இருந்து நுனி வரைக்கும் வகிடு வகிடா எடுத்துச் சீவச் சொல்றோம். முதல்ல ஸ்லிக்கர் பிரஷ், அதாவது மெல்லிசான கம்பிப் பல் வச்ச பிரஷ், அப்புறம் ஸ்டீல் சீப்பு. சீப்பு தோலைத் தொட்டு தடையில்லாம வெளியே வந்தாத்தான் சீவினதா அர்த்தம்.

இன்னொண்ணு. சிக்கு எடுக்காம குளிப்பாட்டாதீங்க. தண்ணி பட்டுக் காய்ஞ்சா சடை இன்னும் இறுகும்.

குமரன் சார், ஒரு கேள்வி. ராஜா எஃப்1ஆ, எஃப்1பியா? அதாவது பாதி லாப், பாதி பூடிலா, இல்ல மறுபடியும் பூடிலோட சேர்த்ததா? முடி சுருளா, நேரா? அதைச் சொன்னா பாதி சண்டை தீர்ந்துடும்.

குமரன்_சிட்னி:
எந்த எஃப்ஆ இருந்தா என்னங்க? லாப்ரடூடில்னா லாப்ரடூடில். வாரம் ஒருமுறை சீவுறேன், சடை இல்ல. அவ்வளவுதான். நீங்க இந்தத் தொழில்ல இருக்கீங்க, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வாங்கன்னுதான் சொல்வீங்க. உங்க பிழைப்பு அது.

கத்தரிக்கோல்_கலா:
சடை பிடிச்ச நாயை மொட்டை அடிக்கிறது எனக்கு லாபம்னு நினைக்கிறீங்களா? ரெண்டு மணி நேரம் நாய் நடுங்கிக்கிட்டு நிக்கும். பிளேடு சூடாகும். தோல் மடிப்பு எங்கே, சடை எங்கேன்னு தெரியாது. ஒரு கீறல் விழுந்தா பழி எங்க மேல. ஒழுங்காச் சீவின நாய் வந்தா எனக்கு அன்னைக்குத் தீபாவளி.

டண்டினோங்_அண்ணை:
தம்பி குமரன், லாப்ரடூடில் பெயர் வாங்கின ஊரில இருந்து எழுதுறன். இஞ்ச மெல்பர்னில, வழிகாட்டி நாய் சங்கத்தில இருந்த வாலி கான்ரன் எண்டவர்தான் 1989இல இதைச் செய்தவர். ஹவாயில ஒரு பார்வையற்ற அம்மா வழிகாட்டி நாய் கேட்டவ, ஆனா அவவின்ர புருசனுக்கு நாய் ஒவ்வாமை. முதல்ல பூடிலையே பழக்கிப் பாத்தவர். 33 பூடில், ஒண்டும் சரிவரேல்ல. பிறகுதான் லாப்ரடோரோட சேர்த்து மூண்டு குட்டி எடுத்தவர். குட்டியளின்ர முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதிச்சுப் பாத்தால், மூண்டில ஒண்டுக்குத்தான் அந்த மனுசனுக்கு ஒவ்வாமை வரேல்ல. சுல்தான் எண்டு பெயர். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பிரசவம், மூண்டில ஒண்டு! நீங்கள் ஒரு ராஜாவை வைச்சுக்கொண்டு ஊருக்கே பொதுவாக் கதைக்கிறியள்.

கடைசியில கான்ரனே, இதை ஏன் தொடங்கினன் எண்டு வெளிப்படையா வருத்தப்பட்டவர். பாத்தவன் எல்லாம் காசுக்காகக் கண்டபடி கலந்து விக்கத் தொடங்கீட்டான் எண்டு.

குமரன்_சிட்னி:
அண்ணே, வரலாறு சொன்னா முழுசாச் சொல்லணும். லாப்ரடூடில்ங்கிற பேரை 1955லயே டொனால்ட் கேம்பல் எழுதியிருக்கார். கார்லயும் படகுலயும் வேக சாதனை பண்ணின இங்கிலாந்துக்காரர். அவர் வளர்த்த லாப், பூடில் கலப்பு நாயைத்தான் அப்படிச் சொன்னார். அதனால உங்க ஊர்தான் பேர் வச்சதுங்கிற பெருமையை விட்டுடுங்க.

டண்டினோங்_அண்ணை:
எழுதினது வேற, உலகம் முழுக்கத் தெரிய வைச்சது வேற. கலப்பு நாயை ஒருத்தரும் வீட்டில வைச்சு வளர்க்க முன்வரேல்ல எண்டுதான் கான்ரன் அந்தப் பெயரைச் சொல்லிப் பத்திரிகை, டிவிக்குப் போனவர். அதுக்குப் பிறகு ஆக்கள் வரிசையில நிண்டவை. பெருமை மெல்பர்னுக்குத்தான். இதில நான் ஒரு அங்குலமும் விடமாட்டன்.

கருப்பட்டி_அம்மா:
அண்ணா, பேர் யாரோடதா இருந்தா என்ன. குமரன் கலா கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல, பாத்தீங்களா? நான் சொல்றேன். ராஜாவை எனக்குத் தெரியும். போன வருஷம் பொங்கல் விழாவுக்கு இங்கே கூட்டிட்டு வந்திருந்தார். லாப் மாதிரியே நேர் முடி, முகத்துல மட்டும் கொஞ்சம் தாடி. அந்த நாயை மடியில வச்சுக்கிட்டு என் கறுப்புப் பட்டுப்புடவை என்ன பாடுபட்டதுன்னு எனக்குத்தான் தெரியும். அவ்வளவு முடி! நேர் முடி தரையில கொட்டும், அதனால சடை பிடிக்காது. அதுதான் உங்க வாரம் ஒருமுறையோட ரகசியம். அதைச் சுருள்முடிக் குட்டி வாங்கப்போறவருக்குச் சொல்றீங்களே, இது நியாயமா?

குமரன்_சிட்னி:
பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நாயை மடியில வச்சது யார் தப்பு? கொஞ்சம் முடி விழும்தான். எந்த உயிருக்குத்தான் முடி விழாது? நான் சொன்னது சீவுறதைப் பத்தி. வாரம் ஒருமுறை. அதை யாரும் பொய்னு நிரூபிக்கல.

கருப்பட்டி_அம்மா:
"முடி கொட்டாது"ன்னு எழுதினது நீங்கதானே? மேலே போட்டிருக்கேன், படிங்க. இப்ப "கொஞ்சம் விழும்" ஆயிடுச்சு.

நான் பழசை எடுக்கக் கூடாதுன்னு இருந்தேன், எடுக்கிறேன். மூணு வருஷம் முன்னாடி நீங்க 4,000 டாலர் கொடுத்து அந்தக் குட்டியை வாங்கும்போது நான் கேட்டேன். தாய் தகப்பனுக்கு இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே பார்த்தாங்களா, கண் நோய்க்கு மரபணுச் சோதனை இருக்கான்னு. லாபுக்கும் இடுப்புக் குறை உண்டு, பெரிய பூடிலுக்கும் உண்டு. கலந்துட்டா போயிடாது. அன்னைக்கு "கலப்புன்னா ஆரோக்கியம்தான் மேடம், நீங்க ரொம்பப் படிக்கிறீங்க"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க. மறக்கல நான்.

குமரன்_சிட்னி:
ராஜா இடுப்பு நல்லாத்தான் இருக்கு, நன்றி. வயித்தெரிச்சல்லயா இவ்வளவு நாள் ஞாபகம் வச்சிருந்தீங்க?

நாட்டுநாய்_நண்பன் (சென்னை):
எல்லாரும் சடை, வகிடுன்னு பேசுறீங்க. நம்ம சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எதுக்காவது சீப்பு வேணுமா? ஈரத்துணியால துடைச்சா முடிஞ்சது. சொந்த நாயை விட்டுட்டு வெள்ளைக்காரன் கலந்த நாய்க்கு இந்தப் பாடு எதுக்கு?

கருப்பட்டி_அம்மா:
தம்பி, நான் ராஜபாளையம் நாயோட வளர்ந்தவ. எங்க தாத்தா வீட்ல இருந்தது. ஆனா இந்தியாவுல இருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாயை நேரா கொண்டு வர முடியாது. வேற நாட்டுல மாசக்கணக்கா வச்சு, ரேபிஸ் சோதனை எல்லாம் முடிச்சுத்தான் கொண்டு வரணும். இங்கே பிறந்ததைத்தான் இங்கே வளர்க்க முடியும். என் பிள்ளையைக் கலப்புன்னு இளக்காரமாச் சொல்ற வேலை வேண்டாம். நல்ல மனசு எந்த ஊர் நாய்க்கும் ஒண்ணுதான்.

நாட்டுநாய்_நண்பன் (சென்னை):
இளக்காரம் இல்ல அக்கா. ஆனா நாட்டு நாய் நாட்டு நாய்தான்.

குமரன்_சிட்னி:
பாத்தீங்களா, அவர்கிட்டயும் சண்டை.

புதுசா_வாங்கப்போறேன்:
ஐயா, அம்மா, நேத்து கேட்டது நான்தான். என்னால இவ்வளவு பெரிய சண்டை வந்துடுச்சு. எனக்கு ரெண்டே சந்தேகம். பையனுக்கு வீசிங் இருக்கு. லாப்ரடூடில்னா அலர்ஜி வராதுன்னு விக்கிறவங்க சொல்றாங்க, உண்மையா? எட்டு வாரக் குட்டிக்கு எந்தப் பிரஷ் வாங்கணும்? சனிக்கிழமை குட்டியைப் பார்க்கப் போறோம்.

கருப்பட்டி_அம்மா:
தம்பி, முதல் கேள்விக்கு நல்லாக் கேளுங்க. அலர்ஜி முடியால வர்றது இல்ல. நாயோட எச்சில்லயும் தோல் பொடுகுலயும் ஒரு புரதம் இருக்கு, கேன் எஃப் 1னு பேர். அது எல்லா நாய்க்கும் உண்டு. அமெரிக்காவுல 2011ல வீடு வீடா தூசி எடுத்துப் பார்த்தாங்க. அலர்ஜி வராத நாய்னு சொல்றது இருக்கிற வீட்டுக்கும் மத்த நாய் இருக்கிற வீட்டுக்கும் வித்தியாசம் தெரியல. நெதர்லாந்துல 2012ல பார்த்தப்போ லாப்ரடூடில், பூடில் முடியில அந்தப் புரதம் மத்த நாயைவிட அதிகமா இருந்தது. அதனால வாக்குறுதியை நம்பாதீங்க. மூச்சு விஷயம், முதல்ல பையனோட டாக்டர்கிட்ட கேளுங்க. அவர் சரின்னா, வாங்கப்போற அதே குட்டியோட, அதோட தாயோட, பையனைச் சில மணி நேரம் இருக்க விட்டுப் பாருங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு மூணு தடவை. சரிவரலைன்னா மனசைக் கல்லாக்கிக்கிட்டு வந்துடுங்க. வாங்கினப்புறம் திருப்பிக் கொடுக்கிறது குட்டிக்குத்தான் கொடுமை.

கத்தரிக்கோல்_கலா:
குட்டிக்கு மெத்துன்னு ஸ்லிக்கர் ஒண்ணு, ஸ்டீல் சீப்பு ஒண்ணு. முதல் நாள்ல இருந்து தினம் ரெண்டு நிமிஷம் போதும். பாதத்தையும் காதையும் தொடப் பழக்குங்க. தொங்குற காது, உள்ளேயும் முடி. நீந்திட்டு வந்தா ஈரம் நின்னு புண்ணாகும், துடைச்சு உலர்த்துங்க. வளர்ந்தப்புறமும் சாப்பாடு ஒரே வேளையா போடாம ரெண்டு வேளையாப் பிரிங்க. பெரிய பூடிலுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கிற ஆபத்து உண்டு, இந்தக் கலப்புக்கும் வரலாம். வயிறு உப்பி, வாந்தி வராம ஓங்கரிச்சா ஒரு நிமிஷமும் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

குமரன்_சிட்னி:
தினமுமா! பாத்தீங்களா, ஆரம்பிச்சிட்டாங்க. தம்பி, பயப்படாதீங்க. வாரம் ஒருமுறை.

கருப்பட்டி_அம்மா:
குமரன், நீங்க சிட்னியில இருக்கீங்க. கிழக்குக் கரையில பக்கவாதம் வர வைக்கிற உண்ணி இருக்கிறது உங்களுக்குத் தெரியாதா? ஒரே ஒரு உண்ணி போதும், பின்னங்கால் துவண்டு, மூச்சு நின்னு நாய் செத்துப்போகும். மருந்து கொடுத்தாலும் சீசன்ல தினமும் விரலை முடிக்குள்ள விட்டுத் தேடணும்னு டாக்டருங்க சொல்றாங்க. சடை பிடிச்ச முடிக்குள்ள எப்படித் தேடுவீங்க? ஞாயித்துக்கிழமை வரைக்கும் உண்ணி உங்களுக்காகக் காத்திருக்குமா?

குமரன்_சிட்னி:
உண்ணி தேடுறது வேற, சீவுறது வேற. தேடுறது தினமும் தேடுறேன். சீவுறது வாரம் ஒருமுறை.

டண்டினோங்_அண்ணை:
தம்பி, தினமும் விரலால முடியைப் பிரிச்சுப் பாக்கிறியள் எண்டால் அதுவும் பாதிச் சீவல்தானே?

குமரன்_சிட்னி:
விரல் சீப்பு ஆகாது அண்ணே.

கருப்பட்டி_அம்மா:
இதுதான் உங்க வாதம்னா நான் என்ன சொல்ல. இன்னைக்குக் காலையில கருப்பட்டியைச் சீவி முடிச்சப்போ ஸ்லிக்கர்ல ஒரு கைப்பிடி முடி. இது முந்தாநாள் சீவினதுக்கு அப்புறம் சேர்ந்தது. இப்ப கையில வச்சிருக்கேன். இது அவன் உடம்புலயே ஒரு வாரம் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? பதில் சொல்லுங்க.

குமரன்_சிட்னி:
ராஜாவுக்கு ஒண்ணும் ஆகல.

புதுசா_வாங்கப்போறேன்:
நன்றிங்க. குட்டியோட அப்பா எஃப்1ஆம், அம்மா பூடிலாம். அப்படின்னா அது எது? முடி சுருளா வருமா?

கருப்பட்டி_அம்மா:
குமரன், ராஜாவோட கதை யாருக்கு வேணும்? "வாரம் ஒருமுறை"ன்னு எழுதினதை அழிங்க, முதல்ல.

குமரன்_சிட்னி:
அழிக்க மாட்டேன்.