கலைச்சொல் முன்மொழிவு: காம்பேக்ட் எஸ்யூவி = குறுமேட்டுந்து?

அன்புள்ள குழுவினருக்கு,

ஊர்திச் சொற்பட்டியலில் எஸ்யூவி வகைகள் இன்னும் முடிவாகாமல் கிடக்கின்றன. ‘விளையாட்டுப் பயன்பாட்டு ஊர்தி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை முதலிலேயே விலக்கிவிடலாம். வண்டியின் அமைப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

என் முன்மொழிவு: எஸ்யூவி – மேட்டுந்து, காம்பேக்ட் எஸ்யூவி – குறுமேட்டுந்து. மகிழுந்து, பேருந்து, சரக்குந்து வரிசையில் இயல்பாக உட்காரும். உயர்ந்து நிற்கும் உடல், மேடுபள்ளத்தில் போகும் திறன் இரண்டையும் ‘மேடு’ ஏந்துகிறது. ‘சிறு’ வேண்டாம், சிற்றுந்து என்றால் தமிழ்நாட்டில் மினி பஸ். ‘குறு’ நீளத்தைச் சுட்டும். இந்தியாவில் இந்த வகையைப் பிறப்பித்ததே நீளம்தான். 4000 மி.மீ. நீளத்துக்கும், பெட்ரோலானால் 1200 சி.சி., டீசலானால் 1500 சி.சி.க்கும் மிகாத கார்களுக்கு 2006 வரவுசெலவுத் திட்டத்தில் உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆனது. அந்த எல்லைக்குள் அடங்கவே 2013-இல் மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு எகோஸ்போர்ட் 3999 மி.மீ. நீளத்தில் நின்றது. 2016-இன் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா 3995, 2019-இன் ஹூண்டாய் வென்யூவும் 3995.

--- மறுமொழி ---

> இந்தியாவில் இந்த வகையைப் பிறப்பித்ததே நீளம்தான்

வணக்கம் ஐயா. ‘மேட்டுந்து’ நல்ல சொல். ஆனால் வரிச் சட்டத்தின் மேல் வரையறையைக் கட்டினால் நிற்காது. பிரெஸ்ஸாவின் பெட்ரோல் எஞ்சின் 1462 சி.சி.; நீளம் பொருந்தியும் சிறு கார் வரிச்சலுகைக்குள் அது வரவில்லை. ஜிஎஸ்டி தொடக்கத்தில் எஸ்யூவிக்கான கூடுதல் தீர்வைக்கு 4000 மி.மீ.க்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் எஞ்சின், 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் தரையிடைவெளி என்று மூன்றும் சேர்ந்து வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தால் கடைகளில் எஸ்யூவி என்று விற்ற குறுவகை எதுவுமே சட்டப்படி எஸ்யூவி அல்ல.

வரலாறு வேறு இடத்தில் இருக்கிறது. 1977-இல் சோவியத் ஒன்றியத்தின் தொலியாட்டி ஆலையில் வந்த லாடா நீவாவைப் பாருங்கள். ஏணிச்சட்டகம் (உடலுக்கு அடியில் ஏணி போன்ற தனிச் சட்டகம்) இல்லை; உடலே எடையைத் தாங்கியது. நான்கு முனையிலும் சுருள்வில், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், முழுநேர நான்குசக்கர இயக்கம், பூட்டக்கூடிய நடு டிஃபரன்ஷியல் (முன்பின் அச்சுகள் வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி), லோ ரேஞ்ச் கியர் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்). நீளம் சுமார் 3.7 மீட்டர்தான். 1994-இல் டொயோட்டா ராவ்4 அடுத்த படியை எடுத்தது: எஞ்சின் குறுக்குவாட்டில், நான்கு சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன், உதிரிகள் பலவும் அந்நிறுவனத்தின் கார்களிலிருந்து. லோ ரேஞ்ச் போய்விட்டது. 1995-இல் சிவிக்கை அடியாகக் கொண்டு ஹோண்டா சிஆர்-வி. இவை காருக்குப் பிறந்தவை. ஆகவே ‘மேட்டு மகிழுந்து’ என்பதே நேர்மையான பெயர்.

--- மறுமொழி ---

> ஆகவே ‘மேட்டு மகிழுந்து’ என்பதே நேர்மையான பெயர்

இதை ஏற்க முடியவில்லை நண்பரே. 1988-இல் வந்த முதல் சுசுகி விட்டாராவுக்குத் தனிச் சட்டகமும் உண்டு, லோ ரேஞ்சும் உண்டு. நம் ஊர் மாருதி ஜிப்சியும் அப்படியே. அவையும் குறுவகைதானே? வகைப்பெயர் குறுமேட்டுந்து என்றே இருக்கட்டும். உடலமைப்பை அடைமொழியில் சொல்வோம்: ஏணிச்சட்டகக் குறுமேட்டுந்து, தன்தாங்கு உடல் குறுமேட்டுந்து. இந்தத் தன்தாங்கு உடலுக்கு, அதாவது மானோகாக்குக்கு, ‘கூட்டுடல்’ என்று முன்பு ஒருவர் தந்தார்; கூடு என்பது கூட்டு என்றாகிப் பல பொருள் சேர்ந்தது போலத் தொனிக்கிறது. தன்னைத்தானே தாங்கும் உடல் என்பது தெளிவு.

இந்தப் பிரிவு பட்டறைக்கும் தேவை. சட்டக வண்டிக்கு ஜாக்கியைச் சட்டகத்திலோ ஆக்சிலிலோ கொடுக்கலாம். தன்தாங்கு உடலில் கதவுக்குக் கீழே உள்ள தகட்டு மடிப்பில், வெட்டுக்குறி காட்டும் வலுவூட்டிய இடத்தில் மட்டுமே கொடுக்க வேண்டும். தரைத்தகட்டில் கொடுத்தால் தகடு உள்வாங்கும்.

நான்குசக்கர இயக்கத்துக்கு மூன்று சொல் வேண்டும். ஜிப்சியினுடையது ‘பகுதிநேர’. நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் 4எச் (நான்குசக்கர இயக்கத்தின் சாதாரண வேக நிலை) போட்டுத் திருப்பினால் முறுக்கம் ஏறி ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும். நீவாவினுடையது ‘முழுநேர’. சிஆர்-வியினுடையதற்கு ‘தேவைநேர’ என்கிறேன். பழைய சிஆர்-விகளின் பின்பக்க டிஃபரன்ஷியலில் இரண்டு எண்ணெய் பம்புகள்: ஒன்றை புரொபெல்லர் ஷாஃப்ட் (முன்னிருந்து பின்னுக்கு விசை கொண்டுபோகும் தண்டு) சுற்றும், மற்றதைப் பின்சக்கரங்கள் சுற்றும். முன்சக்கரம் வழுக்கினால் இரு பம்புகளின் வேகமும் வேறுபட்டு, மிஞ்சிய அழுத்தம் பல தட்டுகள் கொண்ட கிளட்சை இறுக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது பின்னால் முனகல் கேட்டால் பெரும்பாலும் எண்ணெய் பழசு: வளைவில் முன்சக்கரங்களுக்குத் தூரம் அதிகம், கிளட்ச் லேசாகப் பிடிக்கும், உராய்வுச் சேர்மம் தீர்ந்த எண்ணெயில் தட்டுகள் ஒட்டி ஒட்டி விடும். அதற்கென்றே உள்ள இரட்டைப் பம்பு எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், சாதாரண கியர் ஆயில் கூடாது. ஊற்றும் திருகைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகே வடிதிருகைத் திறக்க வேண்டும்.

1997-இன் லேண்ட் ரோவர் ஃப்ரீலாண்டரில் பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் இந்த வேலையை விஸ்கஸ் கப்ளிங் செய்தது. ‘பாகுப்பிணைப்பு’ பொருந்துமா? உள்ளே சிலிக்கோன் பாகு. முன்பின் அச்சுகளின் வேகம் வேறுபட்டால் இறுகும். அதனால்தான் டயர் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்கிறார்கள். 215/65 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 686 மி.மீ. ஒரு ஜோடி 4 மி.மீ. தேய்ந்திருந்தால் விட்டம் 678. கிலோமீட்டருக்கு ஐந்தரைச் சுற்று கூடுதல். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓடினால் பாகு சூடாகிக் கெட்டிப்பட்டு, முன்னிருந்து பின்னுக்கு விசை பிரித்துத் தரும் பெட்டியின் (ஐஆர்டி) பற்சக்கரங்களை உடைக்கக்கூடும்.

வரையறையை இப்படித் திருத்துகிறேன்: ‘குறுமேட்டுந்து: மகிழுந்தைவிடத் தரையிடைவெளியும் இருக்கை உயரமும் மிகுந்த, நீளம் குறைந்த மேட்டுந்து, நான்குசக்கர இயக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.’ மில்லிமீட்டர் எல்லை வரையறைக்குள் வர வேண்டாம். இந்திய வரிவிதி என்று தனிக் குறிப்பாகப் போடலாம். ‘பாகுப்பிணைப்பு’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அங்கே கருத்தைச் சொல்லுங்கள்.