பிரேக்கைத் தேடிய கால்

நாலுசக்கரம்
சித்ரோவன் டி.எஸ். என்ற பழைய பிரெஞ்சு கார் ஓட்டியவர்கள் சொல்லுங்கள், எனக்கு மட்டும்தான் இப்படியா? நண்பருடைய 1972 மாடல். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் படுத்திருந்த வண்டி எண்ணெய் அழுத்தத்தில் மெல்ல எழுந்து நின்றது. அதெல்லாம் தெரிந்ததுதான். பிரேக்தான் சிக்கல். பெடல் இல்லை, தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் பொத்தான். வழக்கம்போல மிதித்தேன். வண்டி அப்படியே நின்றுவிட்டது. நண்பரின் மூக்குக்கண்ணாடி டாஷ்போர்டில் போய் விழுந்தது. எவ்வளவு ஆழம் மிதிக்கிறோம் என்பதல்ல, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் அதற்குக் கணக்காம். ஒரு வாரமாகியும் என் பாதம் அதை மறக்கவில்லை.

பழையசாவி
நீங்கள் நின்றீர்கள். நான் நிற்கவில்லை. ஃபோர்டு மாடல் டி, மூன்று பெடல். இடது பெடலை முழுசாக மிதித்தால் முதல் கியர், விட்டால் மேல் கியர், பாதியில் நியூட்ரல். நடுவில் ரிவர்ஸ். வலது ஓரம் பிரேக். வேகத்துக்கு ஸ்டியரிங் அடியில் கைநெம்புகோல். எதிரே கேட். கிளட்ச் என்று நினைத்து இடது பெடலை அமுக்கினேன். வண்டி முதல் கியரில் உறுமிக்கொண்டு போகிறது. பக்கத்தில் இருந்தவர் "வலது காலால் மிதி!" என்று கத்துகிறார். வலது கால் என்றால் எனக்கு ஆக்சிலரேட்டர். மிதிக்க மனமே வரவில்லை. கேட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் மிதித்தேன்.

இரண்டடிப்பு
நான் ஓட்டியது ட்ராபன்ட் 601, பழைய கிழக்கு ஜெர்மனியின் சின்னக் கார். பெட்ரோல் முள் கிடையாது. பானெட்டைத் திறந்து தொட்டிக்குள் குச்சி விட்டுப் பார்த்தேன். நுனியில் மட்டும் ஈரம். ஊருக்கு இன்னும் பாதி வழி இருந்தது. அந்த ஈரம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கராஜ்வாசி
601 எல்லாவற்றிலும் முள் இல்லை என்று எழுதாதீர்கள், கடைசிக் காலத்து வண்டிகளில் வந்தது. மாடல் டி பற்றியும் ஒன்று: அது வந்த 1908-இல் பெடல் வரிசை இப்படித்தான் என்ற வழக்கமே உருவாகவில்லை. இன்றைய வரிசை (கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர்) 1916 காடிலாக் காரில் வந்து, 1922-இல் ஆஸ்டின் செவன் கார் வந்த பிறகுதான் பரவியது. 1927 வரை 1.5 கோடி மாடல் டி விற்றதே, அத்தனை பேரும் அதில்தானே பழகினார்கள்?

அப்புறம், டி.எஸ். ஓட்டிய நாலுசக்கரத்துக்கு: ஹைட்ராலிக் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். 1966-க்கு முன் சிவப்பு, பின்னால் வந்தவற்றில் பச்சை (சில நாடுகளில் மாற்றம் தாமதமாக வந்தது). ஒன்றில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் எல்லாமே அந்த ஒரே எண்ணெயில்தான். வண்டி கைமாறி வந்திருந்தால் முந்தையவர் சொன்னதை நம்பாமல் தொட்டியைத் திறந்து நீங்களே பாருங்கள். கொஞ்சநேரம் நின்றாலே தாழ்ந்துவிடுகிறதா என்றும் கவனியுங்கள்.

நாலுசக்கரம்
பச்சைதான். பார்த்துவிட்டேன்.

பழையசாவி
நான் வண்டியைக் குறை சொல்லவில்லை ஐயா. கேட்டைத் திறக்க ஒரு பையன் நின்றிருந்தான். வண்டி நின்றுவிடும் என்று நம்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றான்.