மூன்றாவது பிள்ளையைச் சுமக்கும் இந்த ஆண்டில் ஜெபிக்கவும் பலமில்லை: நான் எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது?

கேள்வி: பாளை அம்மா

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு என் ஸ்தோத்திரம். நான் பாளையங்கோட்டைக்கு அருகே ஒரு கிராமத்துச் சேகரத்தை (திருச்சபைப் பகுதியை) சேர்ந்தவள். மூத்தவள் இந்த ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். இளையவனுக்கு ஒரு வயது பத்து மாதம்; இரவில் இன்னும் பால் குடிக்கிறான். மூன்றாவது பிள்ளைக்கு இப்போது ஆறாவது மாதம் முடிகிறது, நவம்பர் முதல் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலமாகிய லெந்து நாட்கள் தொடங்கிய வாரத்தில்தான் கருவுற்றிருப்பது தெரிந்தது. அன்றுமுதல் பெரிய வெள்ளி வரைக்கும் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. சிறுவயது முதல் தவறாமல் இருந்துவந்த உபவாசத்தை இந்த ஆண்டு என்னால் இருக்க முடியவில்லை; பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையிலும் பாதியில் எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏப்ரல் கடைசியில் என் கணவர் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஷார்ஜாவுக்கு வேலைக்குச் சென்றார். மாமியார் என்னோடு இருக்கிறார்கள். அன்பானவர்கள்தான், ஆனால் முழங்கால் வலியால் கீழே உட்கார்ந்து எழ முடியாதவர்கள், ஓடுகிற பையனைப் பிடிக்க அவர்களால் ஆகாது.

என் மனதை வருத்துவது வேலைப்பளு மட்டுமல்ல. முன்பெல்லாம் ஓடிவந்து மடியில் விழுந்த என் மகள், இப்போது ஒரு பென்சில் கேட்பதற்கு முன்பும் கதவருகே நின்று, "அம்மா, இன்றைக்கு உங்களுக்குக் கோபமா?" என்று கேட்கிறாள். பால் கொட்டியதற்காக ஒரு நாள் அவளை அடித்தேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது. குடும்ப ஜெபத்தில் வேதத்தைத் திறந்து வைத்தபடியே தூங்கிவிடுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவரிடம் மனம்விட்டுச் சொன்னபோது, "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" (அதாவது அவர் தரும் சொத்து) என்ற சங்கீத வசனத்தைச் சொல்லி, முறுமுறுக்கக் கூடாது என்றார். அந்த வசனத்தை நானும் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். விசுவாசிக்கிற எனக்கே ஏன் இவ்வளவு சோர்வு என்பதுதான் விளங்கவில்லை.

ஏழு ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் பாலர் வகுப்பை நடத்துகிறேன். அதை விடுவது ஊழியத்தை விட்டு ஓடுவதாகுமா? சென்ற வாரப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அது மலச்சிக்கல் உண்டாக்குவதால் ஒழுங்காக விழுங்குவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்

மகளே, நீங்கள் கடைசியில் எழுதிய வரியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். கர்ப்பிணிக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தாலே அது இரத்தசோகை. 10-க்குக் கீழே நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமை. 8.6 வைத்துக்கொண்டு பையனை இடுப்பில் தூக்கி, தண்ணீர் எடுத்து, மகளைப் பள்ளிக்கு அனுப்புகிற ஒருத்திக்குப் படியேறினால் மூச்சிரைக்கும், முழங்காலிட்டு எழுந்தால் கண் இருளும், சிறிய சத்தத்துக்கும் எரிச்சல் வரும். வேதத்தின் முன் உங்களைத் தூங்க வைப்பதில் இந்த இரத்தக் குறைவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு பிள்ளை பிறந்தபின் அடுத்த கருவுக்கு 24 மாதமாவது இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உங்கள் கணக்கில் ஏறத்தாழ 16 மாதமே வருகிறது. குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முந்தைய பிரசவத்திலும் பாலூட்டலிலும் குறைந்த இரும்புச்சத்தை உடல் மீண்டும் சேர்த்துக்கொள்ள நாள் போதவில்லை என்பதை நீங்கள் அறியவேண்டும்.

மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படுக்கப்போகும்போது விழுங்கிப் பாருங்கள். பலருக்குக் குமட்டல் குறைகிறது. காப்பி, தேநீர், பாலோடு சேர்க்கவேண்டாம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள். எலுமிச்சைச் சாறோ ஒரு கொய்யாத் துண்டோ உடன் எடுத்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். மலம் கறுப்பதற்குப் பயப்படாதீர்கள். அப்படியும் விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்தை ஏற்றும் வழி அரசு மருத்துவமனைகளில் உண்டு. இரத்தம் குறைவாக உள்ள தாய்க்குப் பிரசவத்தில் சாதாரண அளவு உதிரப்போக்குகூட ஆபத்தாக முடியலாம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யவேண்டிய சர்க்கரைப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் அரசு தரும் பணம் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். ஆனாலும் அரசு மருத்துவமனையில் பரிசோதனை, மருந்து, பிரசவம் எல்லாம் மூன்றாவது பிள்ளைக்கும் இலவசமே.

இன்னொன்று. பிள்ளைகள் தூங்கினபின்பும் உங்களுக்குத் தூக்கம் வராமல், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். நான் பார்த்த தாய்மார்களில் ஜெபிக்கிறவர்களும் இருந்தார்கள், ஜெபிக்காதவர்களும் இருந்தார்கள்; இந்த மனச்சோர்வு நோய் இருவருக்கும் வந்தது, இருவரும் சுகமானார்கள்.

பதில் 2: ஒரு குருவானவரின் மனைவி

சகோதரி, உங்கள் கடிதத்தை வாசித்தபோது ஆதியாகமம் 33-ஆம் அதிகாரம் என் நினைவுக்கு வந்தது. இருபது ஆண்டுப் பகைக்குப் பின் ஏசா தன் தம்பி யாக்கோபைக் கட்டித்தழுவி, இனி சேர்ந்து புறப்படுவோம் என்று அழைக்கிறான். யாக்கோபு அந்த அன்பான அழைப்பையும் ஏற்கவில்லை. பிள்ளைகள் இளம்பிள்ளைகள், கறவையான ஆடுமாடுகள் என்னிடத்தில் இருக்கின்றன, ஒரு நாள் துரிதமாய் ஓட்டினாலும் மந்தையெல்லாம் மாண்டுபோகும் என்று சொல்லி, பிள்ளைகளின் நடைக்குத் தக்கதாக மெதுவாய் வருகிறேன் என்கிறான். அந்த வார்த்தையில் முறுமுறுப்பு இல்லை. மந்தையை அறிந்த ஒரு மேய்ப்பனின் கணக்கு இருக்கிறது. ஏசாயா 40-ஆம் அதிகாரத்திலும் ஆண்டவர் கறவலாடுகளை, அதாவது குட்டிகளுக்குப் பாலூட்டும் ஆடுகளை, மெதுவாய் நடத்துவார் என்றே எழுதியிருக்கிறது. அவர் மெதுவாய் நடத்துகிறவளை நீங்களே ஏன் துரத்துகிறீர்கள்?

ஆகவே பாலர் வகுப்பை அடுத்த ஆண்டு ஈஸ்டர் வரைக்கும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்பது என் தெளிவான கருத்து. என் மூன்றாவது மகனைச் சுமந்த ஆண்டில், தெற்கே ஒரு பெரிய சேகரத்தில் இருந்தபோது, நானும் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைமையை விட்டேன். சிலர் பேசினார்கள், எனக்கு வலித்தது. ஆனால் திரும்பிப் போனபோது அந்தப் பணி எனக்காகக் காத்திருந்தது. உபவாசத்தைக் குறித்தும் கலங்கவேண்டாம், கருவுற்றவள் பட்டினி கிடப்பதை எங்கள் சேகரத்தில் நாங்கள் ஊக்குவிப்பதே இல்லை.

சங்கத்தில் "எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் கேட்டால் ஜெபித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். "செவ்வாய், வியாழன் மாலை 4 மணி முதல் 6 மணி வரைக்கும் பையனைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்" என்று கேளுங்கள். எங்கள் பெண்களிடம் மனம் இருக்கிறது. என்ன செய்யவேண்டும் என்பது அநேகருக்குத் தெரிவதில்லை. பையனைத் தூங்கவைக்கும்போது பாடுகிற கீர்த்தனையையே அன்றைய ஜெபமாக வைத்துக்கொள்ளலாம். மகளிடம் மட்டும் நாளைக்கென்று விடாமல் இன்றே பேசுங்கள். "நான் அடித்தது தப்பு, என்னை மன்னித்துவிடு, அம்மாவுக்கு உடம்பில் இரத்தம் குறைந்திருக்கிறது, அதனால் சீக்கிரம் களைத்துப்போகிறேன்" என்று சொல்லுங்கள். அவள் வயதில் அது புரியும். காரணம் தெரியாத பிள்ளைதான் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளும்.

பதில் 3: நாகர்கோவில்காரன்

அபுதாபியில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவன் என்பதால் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், அக்கா. என் மனைவியும் இதுபோன்ற நாட்களில் தொலைபேசியில் "எல்லாரும் சுகம்" என்றே சொல்லிவந்தாள். அவள் மயங்கி விழுந்த செய்தி எனக்கு இரண்டு மாதம் கழித்து, அதுவும் அவளுடைய தம்பி வாயிலாகத்தான் தெரிந்தது. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. இங்கே எழுதியதை அப்படியே அவருக்கும் அனுப்புங்கள். நம் ஊரில் இரவு எட்டரை மணி என்றால் ஷார்ஜாவில் ஏழு மணி. வேலை நேரம் ஒத்துவந்தால் அந்த நேரத்தில் அவரே வீடியோ அழைப்பில் குடும்ப ஜெபத்தை நடத்தட்டும், நீங்கள் படுத்தபடியே கேட்கலாம். துணி துவைக்கவும் தண்ணீர் எடுக்கவும் ஓர் ஆளை வைக்கும் பணத்தை அவர் அனுப்பட்டும். அதைத் தம் அம்மாவிடம் சொல்லும் பொறுப்பும் அவருடையதாகவே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவரின் பதில்: பாளை அம்மா (பத்து நாட்களுக்குப் பின்)

உங்கள் மூவருக்கும் என் நன்றி. சர்க்கரைப் பரிசோதனை முடிந்தது, அதில் குறையில்லை. மாத்திரையை இரவில் விழுங்குகிறேன், பத்து நாளில் ஒரு நாள்தான் தவறியது. செப்டம்பர் முதல் வாரம் மறுபடியும் இரத்தம் பார்த்து, ஏறாவிட்டால் நரம்பு வழியாக ஏற்றலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குருவானவரிடம் எழுதிக் கொடுத்து வகுப்பை ஒப்படைத்தேன், அன்று வீட்டுக்கு வந்து சற்று அழுதேன். வியாழக்கிழமைகளில் பையனைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வருகிறார். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. முழுவதையும் கணவருக்கு அனுப்பினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதை ஏன் ஏப்ரலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இரத்தம் எங்கே குறைந்திருக்கிறது என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் அவளே எடுத்துக்கொண்டு வருகிறாள். கதவருகே நின்று அந்தக் கேள்வியைக் கேட்பது இன்னும் முழுவதும் நிற்கவில்லை. நேற்று ஒரு முறை கேட்டாள்.