ஓவர்குக்ட் 1 ஆ, 2 ஆ? மூண்டு கொன்ட்ரோலர், ஒரு ரீவி, ரொறன்ரோவில ரெண்டு பேர்

உவர்மலைக்காற்று:

வணக்கம். டிசம்பர் லீவுக்கு வீட்டில பிள்ளையள் எல்லாரும் கூடுவினம். மழை பிடிச்சுதெண்டா வெளியில இறங்கேலாது. அதால ஓவர்குக்ட் (எல்லாரும் சேர்ந்து சமைச்சு ஓடர் குடுக்கிற வீடியோ கேம்) வாங்கலாமெண்டு யோசிக்கிறம். 8 வயசுப் பிள்ளையும் இருக்கு, கேமே தொடாத அம்மம்மாவும் இருக்கிறா. கையில கிடக்கிறது பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கேம் மெஷின் ஒண்டு, கொன்ட்ரோலர் மூண்டு.

முதலாவதையும் ரெண்டாவதையும் நல்லா விளையாடின ஆக்கள் சொல்லுங்கோ. உண்மையில என்ன மாறியிருக்கு? "புதுசில லெவல் கூட" எண்டது பெட்டியிலயே எழுதிக் கிடக்கு, அது வேண்டாம். விளையாடுற கைக்கு என்ன வித்தியாசம்? ரொறன்ரோவில ரெண்டு பேர் தாங்களும் சேரோணுமெண்டு நிக்கினம். திருகோணமலையில இருந்து அது சரிவருமோ?

மடப்பள்ளி:

கைக்குத் தெரியிற பெரிய மாற்றம் ஒன்றுதான்: எறிதல். மற்ற எல்லா வித்தியாசமும் அதிலிருந்து கிளைத்ததுதான்.

2016 ஓகஸ்ட்டில் வந்த முதலாவதில் ஒரு வெங்காயம் உங்களிடமிருந்து மற்றவருக்குப் போக இரண்டே வழி. நீங்களே நடந்து கொண்டுபோகலாம், இல்லாவிட்டால் இடையில் இருக்கிற மேசையில் வைத்து அவர் எடுக்கும்வரை பார்த்திருக்கலாம். அதனால் அங்கே சமையலறையின் வடிவம்தான் உங்கள் எதிரி. மரக்கறிப் பெட்டி ஒரு பக்கம், அடுப்பு மறுபக்கம். கப்பல் கட்டத்தில் கப்பல் சரியும்போது மேசைகள் நகர்ந்து வழியை அடைக்கும். லொறிக் கட்டத்தில் சமையலறை இரண்டு லொறிகளில் ஓடும். அவை விலகி நிற்கிற நேரம் நீங்கள் எந்தப் பக்கம் அகப்பட்டீர்களோ அந்தப் பக்கத்து வேலையைத்தான் செய்யலாம்.

2018 ஓகஸ்ட்டில் வந்த இரண்டாவதில் வேகாத பொருளை எறியலாம். முழுசாகவும் எறியலாம், வெட்டியும் எறியலாம். வெறுங்கையோடு உங்கள் பக்கம் பார்த்து நிற்பவர் அதைத் தானாகப் பிடித்துக்கொள்வார். வெட்டியதை நேரே சட்டிக்குள்ளும் போடலாம். சமைத்த சாப்பாட்டையும் தட்டையும் எறிய விடாது. அவற்றைக் காலால் நடந்துதான் கொண்டுபோக வேண்டும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம் பாதைக்காக (ஆட்களை ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவை) காத்து நின்றவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். முதலாவது கேம் பாதை மாதிரி. அது இப்போது எந்தக் கரையில் நிற்கிறது என்று பார்த்துத்தான் வேலையை அடுக்க வேண்டும். இரண்டாவது பாலம். கடக்கிறது சுலபமாகிவிட்டதால் அதைச் செய்தவர்கள் வேறு இடங்களில் பாரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். உதாரணமாக, பறக்கும் பலூனில் சலாது போடத் தொடங்குகிற கட்டம் பாதியில் விழுந்து நொறுங்கி வேறொரு சமையலறை ஆகிவிடும். அதோடு ஓடரும் சூஷி என்ற ஜப்பானியச் சாப்பாட்டுக்கு மாறும். சலாதுக்கென்று வெட்டி அடுக்கி வைத்தது வீண்.

புதியவர்கள் எல்லாரும் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. வெட்டுகிற பொத்தானும் எறிகிற பொத்தானும் ஒன்றே, பிஎஸ்4இல் சதுரம். மீனைப் பலகையில் வைக்க முன்னம் சதுரத்தை அமத்தினால் மீன் பறக்கும். முதலில் பெருக்கல் குறிப் பொத்தானால் வை, பிறகு சதுரத்தால் வெட்டு என்று இரண்டு தரம் வாயால் சொல்லிக் கொடுத்தால் போதும். எறியும்போது சதுரத்தை அமத்திப் பிடித்தால் ஆள் நின்ற இடத்தில் நிற்பார், திசை காட்டும் அம்பு தெரியும், விட்டால் போகும். தட்டி விட்டால் பார்த்த பக்கம் போய்விடும். நிலத்தில் விழுந்த பொருள் பழுதாகாது, எடுத்துப் பாவிக்கலாம். பள்ளத்திலோ தண்ணீரிலோ விழுந்தால் போச்சு.

கணக்கும் மாறிவிட்டது, இதைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவதில் ஓடரைக் கெதியாகக் கொடுக்கக் கொடுக்க டிப்ஸ் கூடும். இரண்டாவதில் மேலே இடமிருந்து வலமாக வரிசையில் நிற்கிற ஓடர்களை அதே வரிசையில் கொடுத்தால் டிப்ஸ் 4 மடங்கு வரை ஏறும். ஒன்றைத் தாண்டி அடுத்ததைக் கொடுத்த உடனே அந்தப் பெருக்கம் உடைந்து திரும்ப அடியிலிருந்து தொடங்கும். அதனால் இரண்டாவதில் மூன்று நட்சத்திரம் வேண்டுமென்றால் கைவேகத்தை விட ஒழுங்கு முக்கியம். முடிந்த சாப்பாடு தட்டில் தயாராக இருந்தாலும் அதன் முறை வரும்வரை மேசையில் வைத்திருங்கள்.

என் தீர்ப்பு: ஒரே அறையில் உட்கார்ந்து விளையாட முதலாவதுதான் கூர்மையான விளையாட்டு. ஒருவர் மேசையில் வைத்தால்தான் மற்றவருக்கு வேலை என்பதால் ஆட்கள் ஒருவரோடொருவர் கதைத்தே ஆக வேண்டும். 2017இல் பிரித்தானியாவின் பஃப்டா விருதுகளில் சிறந்த குடும்ப விளையாட்டு, சிறந்த பிரித்தானிய விளையாட்டு என்று இரண்டு விருதும் அதற்குத்தான் கிடைத்தன. நியாயமான விருதுகள்.

தட்டுக்கழுவி:

மடப்பள்ளி சொன்ன விளக்கம் எல்லாம் சரி, தீர்ப்பில மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கேள்வியில அம்மம்மாவும் 8 வயசுப் பிள்ளையும் இருக்கினம். அவைக்கு ரெண்டாவதுதான் நல்ல வாசல்.

காரணம் தொடக்கக் கட்டங்கள். முதலாவது ஆரம்பத்திலேயே வெங்காய சூப்பில கொண்டுபோய் விடும். மூண்டு வெங்காயத்தை வெட்டிச் சட்டியில போடோணும், வேகும்வரை பார்த்திருக்கோணும், தட்டில ஊத்திக் கொடுக்கோணும். கொஞ்சம் பிந்தினா சட்டி சிவப்பில மின்னும், அதையும் விட்டா நெருப்புப் பிடிக்கும், பக்கத்து மேசைக்கும் தாவும். ரெண்டாவதின்ர முதல் கட்டத்தில அடுப்பே இல்லை. மீனையும் இறாலையும் வெட்டித் தட்டில வச்சுக் கொடுத்தாச் சரி. எடுக்கிறது, வைக்கிறது, வெட்டுறது மூண்டும் கைக்குப் பழகின பிறகுதான் சோறு அவிக்கிற வேலை வரும். ஓடர் எல்லாம் படமா வாறதால இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் விளையாடலாம்.

எந்தக் கேமா இருந்தாலும் ஆட்டம் படுக்கிற இடம் ஒண்டுதான்: தட்டு. ஒரு சமையலறையில தட்டு எண்ணி நாலைஞ்சுதான் கிடக்கும். கன கட்டங்களில கொடுத்த தட்டு கொஞ்ச நேரத்தில ஊத்தையா திரும்பி வரும். எல்லாரும் வெட்டவும் பொரிக்கவும் நிண்டா, மூண்டு சூப் முடிஞ்சு சட்டியில கொதிக்க ஒரு தட்டும் இராது. சட்டியை அடுப்பில விட்டாக் கருகும், இறக்கி வச்சா அடுத்த சமையல் நிக்கும். இதுக்கு மருந்து, தொடங்க முன்னமே கழுவுறதுக்கு ஒராளை நியமிக்கிறதுதான். நாலு பேர் எண்டா ரெண்டு பேர் வெட்டு, ஒராள் அடுப்பு, ஒராள் தட்டும் கழுவலும். கழுவுறவர்தான் ஓடரை வாசிச்சுச் சொல்லோணும், ஏனெண்டா கழுவும்போது பொத்தானை ஒருக்கா அமத்திப்போட்டு நிண்டாப் போதும், கண் சும்மாதான் கிடக்கும். அம்மம்மாவுக்கு அந்த இடத்தைக் குடுங்கோ, சோக்கா வரும்.

கோயில் அன்னதானத்தில ஆரும் "எல்லாரும் எல்லாம் செய்வம்" எண்டு நிக்கிறேல்லைத்தானே. தேங்காய் துருவுறவர் துருவுவார், பந்தியில வாளி தூக்குறவர் தூக்குவார்.

நெருப்புப் பிடிச்சா அணைப்பானைத் தூக்குறது ஒராள் மட்டும். மற்ற ஆக்கள் தங்கட வேலையை விடக்கூடாது. நாலு பேரும் நெருப்பைப் பார்க்க ஓடினா அந்தக் கட்டம் அதிலயே முடிஞ்சுது.

பாதைக்கரை:

ஒன்லைன் பக்கத்தை நான் சொல்றேன்.

முதலாவதுல ஒன்லைனே இல்ல. ஒரே வீட்டுல, ஒரே திரையில 4 பேர் வரைக்கும், அவ்வளவுதான். கொம்பியூட்டர்ல ஸ்டீம் எண்ட ஒன்லைன் கேம் கடை மூலம் வாங்கியிருந்தா அதுல இருக்கிற ரிமோட் பிளே டுகெதர் வழியா தூரத்துல இருக்கிறவரைச் சேர்க்கலாம். ஆனா அது உங்க திரையை வீடியோவா அவருக்கு அனுப்புற முறை, அதனால உங்க வீட்டு அப்லோட் வேகத்துல தங்கியிருக்கும். உங்களுக்கு பிஎஸ்4 என்கிறதால அந்த வழிய விடுங்க.

ரெண்டாவதுல ஒன்லைன் உள்ளேயே இருக்கு. உங்க வீட்டுல ரெண்டு பேர், ரொறன்ரோவுல ரெண்டு பேர் எண்டு ஒரே சமையலறைக்குள்ள நிக்கலாம். பிஎஸ்4இல பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேணும். சந்தாவுக்குக் காசு ஏத்துற அட்டை வாங்குறப்போ உங்க கணக்கு எந்த நாட்டுக் கடையில திறந்ததோ அதே நாட்டு அட்டையா எண்டு பாருங்க. வேற நாட்டு அட்டை ஏறாது, காசு போயிடும்.

தாமதத்தைப் பத்தி நேராவே சொல்லணும். திருகோணமலைக்கும் ரொறன்ரோவுக்கும் நேர்த்தூரமே ஏறக்குறைய 13,900 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள்ள ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். கேபிள் நேர்கோட்டுல போனாலுமே போய்த் திரும்ப ஏறக்குறைய 140 மில்லிசெக்கன். கேபிள் கடலைச் சுத்தித்தான் போகும், இடையில எத்தனையோ சந்தி, அதனால உண்மையில அதைவிடக் கூடத்தான் வரும். எவ்வளவு விலையான பக்கேஜ் போட்டாலும் அந்த 140க்குக் கீழ இறங்காது. லண்டன் எண்டா 8,700 கிலோமீற்றர், அது கொஞ்சம் தாங்கும்.

அதனால வேலைய இடத்துக்கு ஏத்த மாதிரிப் பிரிங்க. தூரத்துல இருக்கிறவருக்கு நிண்ட இடத்துல செய்யிற வேலை: வெட்டுறது, கழுவுறது. ஒரே பொருளை ரெண்டு பேரும் ஒரே நேரம் எடுக்கப் போற இடம், ஓடுற மேடையில தாவுறது, எறிஞ்சதைப் பிடிக்கிறது, இதெல்லாம் வீட்டுல இருக்கிறவங்க கையில இருக்கட்டும். தாமதத்தோட ஓடினா விளிம்பால விழுவாங்க, திரும்பி வர சில செக்கன் போகும், கையில இருந்ததும் போகும்.

வைஃபைய விட்டுட்டு ரூட்டர்ல இருந்து பிஎஸ்4க்கு ஒரு கேபிள் இழுங்க. வயர்லெஸ் கொன்ட்ரோலரும் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில அடிபடும். ரீவியில கேம் மோட் போட மறக்காதீங்க. படத்தை மெருகூட்டுற வேலைய ரீவி விட்டுட்டா பொத்தான் அமத்துறதுக்கும் ஆள் அசையிறதுக்கும் இடையில இருக்கிற பிந்தல் குறையும். இந்தக் கேம்ல அது நல்லாத் தெரியும்.

நேரத்தைப் பொறுத்த வரை, டிசம்பர்ல ரொறன்ரோ நம்மள விட பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு. இஞ்ச இரவு 7.30 எண்டா அங்க காலை 9 மணி. ரெண்டு பக்கமும் முழிச்சிருக்கிற நேரம் அதுதான்.

உவர்மலைக்காற்று:

மூண்டு பேருக்கும் நன்றி. இப்ப இன்னொரு சிக்கல். ரொறன்ரோவில ஒராளிட்ட நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின், மற்றவரிட்ட கொம்பியூட்டர். பிஎஸ்4 ஓட சேருமோ? மற்றது, வீட்டில அஞ்சாறு பேர் நிப்பினம். நாலாவது கொன்ட்ரோலர் கட்டாயம் வேணுமோ?

பாதைக்கரை:

தனி ரெண்டாவதை வாங்காதீங்க அப்போ. ஓவர்குக்ட் ஓல் யூ கேன் ஈட் எண்டு ஒரு பதிப்பு இருக்கு. முதலாவதும் ரெண்டாவதும் மேலதிகக் கட்டங்களும் சேர்த்து 200க்கு மேல லெவல். 2020 நவம்பர்ல பிஎஸ்5க்கும் புது எக்ஸ்பொக்ஸுக்கும் வந்தது, 2021 மார்ச்ல பிஎஸ்4, ஸ்விட்ச், கொம்பியூட்டருக்கு வந்தது. அதுல வேற வேற மெஷின்காரங்க ஒண்டாச் சேரலாம், முதலாவதோட கட்டங்களையும் ஒன்லைன்ல விளையாடலாம். ஆனா ரொறன்ரோவுல இருக்கிற ரெண்டு பேரும் அதே பதிப்பை வாங்கணும். அவங்க பழைய ரெண்டாவதை வச்சிருந்தா சேராது. காசு கட்ட முன்னம் இதை அவங்களிட்ட கேட்டுக்கொள்ளுங்க.

மடப்பள்ளி:

அந்தப் பதிப்பில் உதவி முறை என்று ஒன்று இருக்கிறது. கட்டத்தின் நேரத்தைக் கூட்டலாம், ஓடர் காலாவதியாவதைத் தாமதப்படுத்தலாம், கொடுக்கிற சாப்பாட்டுக்குக் கூடுதல் புள்ளி வாங்கலாம். முதல் நாள் அம்மம்மா இருக்கும்போது ஓடர் தாமதத்தை மட்டும் போடுங்கள். நேரத்தையும் கூட்டினால் ஒரு கட்டம் இழுபட்டு, காத்திருக்கிற பிள்ளைகளுக்குச் சலிக்கும். தட்டுக்கழுவி சொன்னபடி இரண்டாவதின் முதல் கட்டங்களில் தொடங்குவதையும் ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குக் கை பழகின பிறகு முதலாவதின் கப்பலுக்கு வாருங்கள்.

தட்டுக்கழுவி:

நாலாவது கொன்ட்ரோலரை உடன வாங்காதேங்கோ. ஒன்லைனில ரொறன்ரோ ரெண்டு பேர் எண்டா உங்களுக்கு இடம் ரெண்டுதான், மூண்டாவதே சும்மா கிடக்கும். வீட்டுக்குள்ள மட்டும் விளையாடேக்க மூண்டு பேர் சமையல், மிச்ச ஆக்கள் சுத்தி இருந்து ஓடர் வாசிக்கட்டும். ஒரு கட்டம் சில நிமிசம்தான். முடிய முடிய ஒராள் இறங்கி அடுத்தவர் ஏறலாம். புதுசா ஏறுறவர் முதல் கட்டத்தில கழுவுற இடத்தில நிக்கட்டும், அதுக்குள்ள சமையலறை எங்க எங்க கிடக்கெண்டு கண்ணுக்குப் பிடிபட்டிடும்.