வெயில்தான் வருமானம்: சோலாரையும் லித்தியத்தையும் நம்பி வண்டியில் வாழ்கிறவர்களின் அனுபவங்கள்

வெளிக் கரண்ட் எடுக்காமல், கூரையில் பேனலும் உள்ளே லித்தியம் பேட்டரியுமாக மோட்டார்ஹோமில் காலம் தள்ளுகிறவர்கள் வந்து எழுதுங்கள். யாரிடம் எத்தனை ஆம்ப் அவர் (பேட்டரியின் கொள்ளளவு) இருக்கிறது என்ற பட்டியல் வேண்டாம், அது எங்கே தேடினாலும் கிடைக்கும். உங்கள் ஏற்பாடு எங்கே உங்களை அசத்தியது, எங்கே மண்டை காய வைத்தது என்று சொல்லுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

என்னுடைய தலைவலி இன்வெர்ட்டர், அதாவது பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி. இரவில் விளக்கெல்லாம் அணைத்து, ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரும் ஓய்ந்திருந்த நேரத்தில், பேட்டரியின் வரவு செலவை எண்ணும் ஷண்ட் மீட்டரைப் பார்த்தால் 2.1 ஆம்ப் போய்க்கொண்டிருந்தது. எதுவுமே ஓடவில்லை, ஆனால் போகிறது. ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றிப் பார்த்தேன். எரிவாயுக் கசிவு அலாரம் கொஞ்சம், சுவரில் இருக்கும் கன்ட்ரோல் பேனல் கொஞ்சம். மீதி ஒன்றரை ஆம்ப் முழுக்க 2000 வாட் இன்வெர்ட்டர் சும்மா நிற்பதற்கு வாங்கும் கூலி. 20 வாட்தானே என்று தோன்றும். 24 மணி நேரத்துக்கு அது 480 வாட் அவர், அதாவது 12 வோல்ட் பேட்டரியில் கிட்டத்தட்ட 40 ஆம்ப் அவர். ஒரு கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க ஓடுவதற்குப் போதும். வேலைக்கு ஒன்றும் செய்யாத ஒரு பெட்டிக்கு ஃப்ரிட்ஜ் அளவு சாப்பாடு!

இப்போது போன், லேப்டாப் எல்லாம் நேராக 12 வோல்ட் சார்ஜரில்தான். சமைக்கும்போது மட்டும் இன்வெர்ட்டர் ஸ்விட்சைத் தட்டுகிறேன். அந்த ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் குனிந்து தட்டணும் என்றால் யாரும் தட்ட மாட்டோம்.

*

ஷண்ட் பற்றி ஆரம்பித்ததால் சொல்றேன் அண்ணா. லெட் ஆசிட்ல இருந்து லித்தியத்துக்கு வர்ற எல்லாரும் முதல்ல தடுமாறுற இடம் வோல்டேஜ். பழைய பேட்டரியில 12.7 இருந்தா நிறைஞ்சிருக்கு, 12.2 ஆனா பாதி, அவ்வளவுதான் கணக்கு. நாம போடற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில முக்கால்வாசி இருக்கும்போதும் 13.2 பக்கத்துல காட்டும், பாதிக்குக் கீழ போனாலும் 13.1 பக்கத்துல நிக்கும். நடுவுல இருக்கிற அந்தக் கோடு அவ்வளவு தட்டை. வோல்ட் மீட்டரை வச்சுக்கிட்டு சதவீதம் சொல்றது கைரேகை பாக்கற மாதிரிதான்.

அதனால ஷண்ட். உள்ள வர்ற ஆம்பையும் வெளிய போற ஆம்பையும் எண்ணிக் கணக்கு வச்சுக்கும். ஆனா அதுவும் வழி தவறும். சின்னச் சின்ன கரண்டை அது சரியா எண்ணாது, நாளாக ஆக பிழை சேர்ந்துக்கிட்டே போகும். பேட்டரி முழுசா நிறையும்போதுதான் அது தன் கணக்கை 100-க்குத் திருத்திக்கும். தொடர்ந்து மேகமூட்டம், பேட்டரி ஒரு தடவைகூட நிறையலைன்னு வைங்க, திரையில தெரியற எண் வெறும் கற்பனை.

எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. திரையில 30-க்கு மேல காட்டிட்டு இருக்கும்போதே ராத்திரி எல்லாம் பொசுக்குன்னு அணைஞ்சிடுச்சு. லெட் ஆசிட்னா பல்பு மங்கும், பம்ப் முனகும், நமக்கு ஒரு சேதி வரும். லித்தியம் கடைசி நிமிஷம் வரைக்கும் பளிச்சுன்னு எரிஞ்சிட்டு அப்படியே கதவைச் சாத்திடும். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா பேட்டரி முனையில வோல்டேஜே இல்ல. பேட்டரி செத்துப்போச்சுன்னு வீட்டுக்காரர் தலையில கைவச்சு உக்காந்துட்டார். சாகலை. செல் வோல்டேஜ் ரொம்ப இறங்கினதும் உள்ள காவலுக்கு இருக்கிற சர்க்யூட், பிஎம்எஸ் (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்), தன்னைத்தானே துண்டிச்சுக்கிட்டது.

இதுல வேடிக்கை என்னன்னா, பேனல் கரண்டைப் பக்குவமா பேட்டரிக்கு ஏத்தற சோலார் கன்ட்ரோலர் பெரும்பாலும் விழிச்சுக்கறதுக்கே பேட்டரி வோல்டேஜ் வேணும். காலைல வெயில் வந்தாலும் அதுக்கு பேட்டரியே கண்ணுல படாது. இன்னொரு 12 வோல்ட் பேட்டரியைக் கொஞ்ச நேரம் இணையா கொடுத்துத்தான் எழுப்பினோம். உங்க பேட்டரி தூங்கினா எப்படி எழுப்பணும்னு அதோட கையேட்டுல ஒரு வரி இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே படிச்சு வச்சுக்கங்க.

*

எங்க கதை ஆல்டர்னேட்டர், எஞ்சின் ஓடும்போது கரண்ட் பண்ற சாதனம். வண்டியை வாங்கும்போதே பழைய ரிலே ஒண்ணு இருந்துச்சு. எஞ்சின் ஓடினா வண்டி பேட்டரியையும் உள் பேட்டரியையும் சேர்த்து வைக்கும். லெட் ஆசிட் காலத்து ஏற்பாடு. அதே ஒயர்ல லித்தியத்தை மாட்டிக் கொடுத்தாங்க, நல்லா சார்ஜ் ஆகுதேன்னு சந்தோஷப்பட்டோம்.

ஒரு நாள் வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு சார்ஜ் பண்ணிட்டு இருந்தோம். வார்னிஷ் கருகற மாதிரி வாசனை. பானட்டைத் தூக்கினா ஆல்டர்னேட்டர் பக்கத்துல கையைக் கொண்டுபோக முடியலை. லித்தியத்துக்கு உள் தடை ரொம்பக் கம்மி. கொடுக்கிறதையெல்லாம் கேட்டு வாங்கும், போதும்னு சொல்லாது. லெட் ஆசிட் கொஞ்ச நேரத்துல தானே அடங்கிடும், இது அடங்காது. ஐடிலிங்ல ஆல்டர்னேட்டரோட விசிறி மெதுவாத்தான் சுத்தும், சுமை மட்டும் முழுசா இருக்கும். சூடு போக வழியில்லை.

இதைவிட மோசமான ஒண்ணு இருக்கு. இப்படி நேரா இணைச்சிருக்கும்போது பேட்டரி நிறைஞ்சு பிஎம்எஸ் திடீர்னு துண்டிச்சா, ஆல்டர்னேட்டர்ல வோல்டேஜ் எகிறி, உள்ள இருக்கிற டையோடுகள் எரிஞ்சு போயிடும். வண்டியோட மத்த எலக்ட்ரானிக்ஸும் மாட்டிக்கலாம். இப்ப நடுவுல, ஆல்டர்னேட்டர்ல இருந்து அளவா மட்டும் எடுத்துக் கொடுக்கிற 30 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் போட்டிருக்கோம். ரெண்டு மணி நேரம் ஓட்டினா 60 ஆம்ப் அவர். பழைய வேகம் இல்லைதான், ஆனா ஆல்டர்னேட்டர் உயிரோட இருக்கு.

*

குளிர் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன்.

உறைபனி விழுந்த மறுநாள் காலை. வானத்தில் துளி மேகம் இல்லை. பேனலைத் துடைத்தாயிற்று. கன்ட்ரோலரில் பேனல் வோல்டேஜ் அருமையாகத் தெரிகிறது, சார்ஜ் ஆம்ப் மட்டும் பூஜ்யம். இணைப்புகளை எல்லாம் ஆட்டிப் பார்த்தோம். பழுது எதிலும் இல்லை. பேட்டரி வெளிப்பெட்டியில் இருந்தது, செல்லின் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே போயிருந்தது, பிஎம்எஸ் சார்ஜை மட்டும் மறுத்துவிட்டது. விளக்கு எரியும், பம்ப் ஓடும், எடுக்கத் தடையில்லை. போடத்தான் தடை.

காரணம் நியாயமானது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். படிந்தது திரும்பாது, அந்த அளவுக்குக் கொள்ளளவு போனது போனதுதான். பிஎம்எஸ் அன்று நமக்கு நல்லதுதான் செய்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மதியம் வெளியே நன்றாகக் கதகதப்பாகிவிட்டது, பேட்டரி மட்டும் இன்னும் உறைந்தே இருந்தது. அவ்வளவு கனமான பொருள் சூடேற நேரமாகும். நல்ல வெயில் எல்லாம் அதற்குள் கடந்துவிட்டது. இப்போது பேட்டரியை உள்ளே, கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்துவிட்டோம். மனிதர்களுக்குப் போதுமான வெப்பம் அதற்கும் போதும்.

குளிர் இன்னொரு பக்கமும் வேலை காட்டும். பேனல் குளிர்ந்தால் அதன் வோல்டேஜ் ஏறும். திறந்த சுற்றில் (எதனோடும் இணைக்காதபோது) 22.5 வோல்ட் காட்டும் பேனல் நான்கைத் தொடராக இணைத்தால் 90. 100 வோல்ட் வரை தாங்கும் கன்ட்ரோலருக்கு இடம் இருக்கிறதே என்று தோன்றும். அந்த 22.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. ஒரு டிகிரி இறங்கினால் சுமார் 0.3 சதவீதம் ஏறும். மைனஸ் 10-ல் கணக்குப் போட்டுப் பாருங்கள், 99-ஐத் தாண்டும்; இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் 100-ஐயும் தாண்டும். கன்ட்ரோலர் எரிந்தால் குளிரால் எரிந்தது என்று யார் நம்புவார்?

*

அக்கா, அந்த 99 கணக்கைப் படிச்சதும் ஏணி போட்டு கூரையில ஏறி பேனல் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்துட்டு வந்தேன். நம்மளது ரெண்டு ரெண்டா இணைச்சது. தப்பிச்சேன்.

*

எல்லோரும் பேட்டரியைச் சுற்றியே பேசுகிறோம். என் அனுபவத்தில் நாள் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான். மரத்தடியில் நிறுத்தினால் உள்ளே இருக்க முடியும், பேட்டரி நிறையாது. வெட்டவெளியில் நிறுத்தினால் பேட்டரி நிறையும், உள்ளே இருக்க முடியாது. இந்தச் சண்டை எங்கள் வண்டியில் தினமும் நடக்கிறது.

பாதி நிழல் என்பது பாதி கரண்ட் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அப்படி இல்லை. கூரை விசிறியின் மூடி நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் கைகுட்டை அளவுக்கு விழுந்தது, அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போயிற்று. செல்கள் வரிசையாகக் கோத்தவை, ஒன்று அடைத்தால் அந்த வரிசையையே பைபாஸ் டையோடு ஒதுக்கிவிடும். கூரையில் ஏசி, ஆன்டெனா, விசிறி என்று ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் பேனல்களை இணையாகக் கொடுப்பது நல்லது. நிழல் விழுந்தது மட்டும் படுத்துக்கொள்ளும், மற்றவை ஓடும். கூடவே மடக்கு பேனல் ஒன்றும் நீளமான கேபிளும் வைத்திருக்கிறேன். வண்டி நிழலில், பேனல் வெயிலில். வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது.

அப்புறம் 400 வாட் என்று எழுதியிருப்பதை 400 என்று கணக்கில் எழுதாதீர்கள். கூரையில் தட்டையாகக் கிடக்கிறது, சூரியனைப் பார்த்துச் சாய்வதில்லை. நடு வெயிலில் பேனலின் மேற்பரப்பு 65 டிகிரியைத் தொட்டால் அதிலேயே சுமார் 14 சதவீதம் போய்விடும். ‘இவ்வளவு வெயில் அடிக்குதே, ஏன் ஏற மாட்டேங்குது’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல.

பணம் கையில் இருந்தால் முதலில் பேனலைக் கூட்டுங்கள், பிறகு பேட்டரி. பெரிய பேட்டரி வாங்கிவைத்து அது நிறையவே இல்லை என்றால் அது வெறும் கனம். சமையல், தண்ணீர் சுட வைப்பது, கருவிகளுக்குச் சார்ஜ் போடுவது எல்லாவற்றையும் பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் முடித்துவிடுகிறோம். அந்த நேரத்தில் வெயில் நேராக அடுப்புக்கே போகிறது, பேட்டரி வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை.

*

முதலில் பேனல், பிறகு பேட்டரி என்று மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. பகலெல்லாம் ஓட்டுகிறவர்களுக்கு டிசி-டிசி சார்ஜரே பாதி வேலையைச் செய்துவிடும், அவர்களுக்குப் பெரிய பேட்டரிதான் வசதி. ஒரே இடத்தில் நாள்கணக்கில் நிற்கிறவர்களுக்கு உங்கள் கணக்கு சரி. ஏசியை நினைத்துக்கொண்டு யாராவது வருகிறார்கள் என்றால் மட்டும்: 800 வாட் ஏசி எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 6400 வாட் அவர், 12.8 வோல்ட்டில் 500 ஆம்ப் அவர். ஒரே ராத்திரிக்கு. மீதியை நீங்களே பாருங்கள்.

*

வண்டியை நிறுத்திய இடத்தில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் மூன்றாவது கேள்வி நிச்சயம் ‘இது தீப்பிடிக்காதா?’ போனில், சைக்கிளில் தீப்பிடித்த காட்சிகளைப் பார்த்திருக்கிறார்கள், பாவம். வண்டிகளில் நாம் போடுவது பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். அதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருக்கிறது, எளிதில் வெளியே வராது, அதனால் கோபால்ட், நிக்கல் வகைகளைவிட நிதானமானது. 1997-ல் இதை முதலில் கட்டுரையாக வெளியிட்ட மூவர் ஏ.கே. பாதி (Padhi), கே.எஸ். நஞ்சுண்டசுவாமி, ஜான் குட்எனஃப். குட்எனஃபுக்கு 2019-ல் நோபல் கிடைத்தது. நஞ்சுண்டசுவாமி என்ற பெயரைச் சொன்னதும் வந்தவர்கள் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும் பாருங்கள்!

ஆனால் பேட்டரி நிதானமானது என்பதற்காக ஒயரும் நிதானமானது என்று அர்த்தம் இல்லை. 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் 12 வோல்ட் பக்கத்தில் 150 ஆம்புக்கு மேல் ஓடும். எங்கள் வண்டியில் இன்வெர்ட்டர் பாசிட்டிவ் லக்குக்கு (கேபிள் முனையில் நட்டுப் போட்டு இறுக்கும் வளையம்) பக்கத்தில் சிவப்பு உறை பழுப்பேறி, விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். வண்டி ஓடும்போது ஆடும், ஆடினால் நட்டு தளரும். வீட்டில் இருக்கும் பேட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை. சமைத்து முடித்ததும் ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. மற்றதைவிட ஒன்று சூடாக இருந்தால் அன்றைக்கே பிரித்து இறுக்குவோம்.

ஃப்யூஸிலும் கஞ்சத்தனம் வேண்டாம். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். சாதாரண ஃப்யூஸ் உருகினாலும் அந்த இடைவெளியில் வில்லாக மின்சாரம் தாவிக்கொண்டே இருக்கலாம். அதற்காகத்தான் 20,000 ஆம்ப் வரை துண்டிக்கும் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸை பேட்டரி முனைக்கு ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

*

ரெண்டு பேட்டரியை இணையா போட்டிருக்கேன் சகோ. ஒண்ணு மட்டும் சீக்கிரம் இறங்குது, இன்னொண்ணு தேமேன்னு இருக்கு. எதனால?

*

பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டையும் ஒரே பேட்டரியில இருந்து எடுத்திருப்பீங்க, பாருங்க. அந்தப் பேட்டரிக்கு ஒயர் தூரம் கம்மி, அதனால அதுவே அதிகமா உழைக்கும். பாசிட்டிவை முதல் பேட்டரியில இருந்தும் நெகட்டிவை ரெண்டாவதுல இருந்தும் எடுங்க, குறுக்கா. நடுவுல போற ரெண்டு துண்டுக் கேபிளும் ஒரே நீளம், ஒரே கனம் இருக்கணும். மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டையும் தனித்தனியா முழுசா சார்ஜ் பண்ணிக்கங்க. ஒண்ணு நிறைஞ்சும் ஒண்ணு காலியாவும் இருக்கும்போது சேர்த்தா, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு சரசரன்னு பாயும். அதுக்கப்புறமும் அதே பேட்டரிதான் சீக்கிரம் இறங்குதுன்னா, ரெண்டையும் இடம் மாத்திப் பாருங்க. கோளாறு பேட்டரியோடயே நகர்ந்தா பேட்டரிதான், அதே இடத்துல நின்னா ஒயர்தான்.